கோட்டுக்கு ஒரு நூல் இந்தப் பக்கம்

ஒரு அரசு டெண்டர் ஃபைல். விளம்பரம் வந்த நாள்லேர்ந்து பிட் (ஒப்பந்தக்காரங்க போடுற விலைப்புள்ளி) வாங்குறதை நிறுத்துற நாள் வரைக்கும் சரியா 15 நாள். வந்தது நாலு பிட். எஸ்டிமேட்டை 100னு வச்சுக்கிட்டா நாலு பேரும் கோட் பண்ணது 96, 100, 104, 108. 96 போட்டவருக்கு வேலை கிடைச்சுது. வேலை ஆரம்பிச்சு கொஞ்ச மாசத்துலயே கூடுதல் வேலைன்னு சொல்லி ஒப்பந்தத் தொகை 17 சதவீதம் ஏறுச்சு.

நான் அப்போ ஒரு தணிக்கைக் குழுவுக்கு டேட்டா வேலை பார்த்துக்கிட்டு இருந்தேன். அவங்க செக்லிஸ்ட்ல இருந்த கேள்விகள்ல முக்கியமானது மூணு. 15 நாளுக்குக் கீழ அவகாசம் குடுத்தாங்களா? பிட் விலைகளோட சிதறல் 5 சதவீதத்துக்குக் கீழ இருக்கா? வேலை குடுத்ததுக்கு அப்புறம் தொகை 20 சதவீதத்துக்கு மேல ஏறுச்சா? (சிதறல்னா, விலைகள் சராசரியிலிருந்து எவ்வளவு விலகி நிக்குதுன்னு திட்ட விலக்கத்தைக் கண்டுபிடிச்சு அதைச் சராசரியால வகுத்து வர்ற சதவீதம்.) நாலு விலையையும் போட்டுப் பார்த்தா சிதறல் 5.06. மூணு கேள்விக்கும் இல்லை, இல்லை, இல்லை. ஃபைலுக்குப் பச்சை.

அதே நாள் இன்னொரு ஃபைல். வெள்ளத்துல சேதமான ஒரு பாலத்தோட ரிப்பேர், அவசரம், அதனால 14 நாள்தான் விட்டிருக்காங்க. வந்த பிட் 78, 95, 110, 131. சிதறல் கிட்டத்தட்ட 22 சதவீதம், அதாவது ஒருத்தருக்கு ஒருத்தர் பேசி வச்சுக்காம அவங்கவங்க கணக்குப் போட்டு வந்திருக்காங்கன்னு பார்த்தவுடனே தெரியுது. பின்னாடி ஒரு பைசா ஏறலை. ஆனா 14ங்கிறது 15ஐ விடக் கம்மி. ஃபைலுக்குச் சிவப்பு. அந்த அதிகாரி மூணு பக்கத்துக்கு விளக்கம் எழுதி, உடைஞ்ச பாலத்தோட ஃபோட்டோ எல்லாம் வச்சு அனுப்பியிருந்தார்.

இந்த ரெண்டு ஃபைலையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தப்போ எனக்கு மனசு ஆறவே இல்லை. நேர்மையா அவசரப்பட்டவர் விளக்கம் எழுதிக்கிட்டு இருக்கார், கோடு எங்க இருக்குன்னு தெரிஞ்சு அதுக்கு ஒரு நூல் இந்தப் பக்கம் நின்னவங்களை யாரும் ஒரு கேள்வி கூட கேக்கலை. மூணு கோட்டுக்கும் இவ்வளவு ஒட்டி ஒரே ஃபைல் நிக்குறது தற்செயலாவும் இருக்கலாம், ஆனா திறந்து பார்க்காம அதை எப்படிச் சொல்றது?

கோடு வேண்டாம்னு நான் சொல்ல வரலை, சட்டத்துக்குக் கோடு வேணும். ஐரோப்பிய யூனியனோட 2014ஆம் வருஷத்து கொள்முதல் டைரக்டிவ்ல (உறுப்பு நாடுகளுக்கான விதிமுறை) திறந்த டெண்டருக்குக் குறைஞ்சது 35 நாள், ஆன்லைன்ல பிட் வாங்கினா 5 நாள் குறைச்சுக்கலாம்னு இருக்கு. கட்டுமான ஒப்பந்தத்தோட மதிப்பு 15 சதவீதத்துக்குள்ளயும் பொருள், சேவைன்னா 10 சதவீதத்துக்குள்ளயும் ஏறினா சில நிபந்தனைகளோட புது டெண்டர் தேவையில்லைன்னு இருக்கு. உலக வர்த்தக அமைப்போட அரசுக் கொள்முதல் ஒப்பந்தத்துல பொதுவா 40 நாள். நாள் கணக்கு இல்லேன்னா கோர்ட்டுல யாரும் எதையும் நிரூபிக்க முடியாது.

ஆனா அந்த உலக வர்த்தக அமைப்பு ஒப்பந்தத்தை எடுத்துப் படிச்சா, 40 நாள்னு சொல்றதுக்கு முன்னாடி வேற ஒண்ணு சொல்லுது. பிட் போடுறவங்க தயாராகப் "போதுமான நேரம்" குடுக்கணும், அது கொள்முதலோட சிக்கலைப் பொறுத்ததுன்னு. போதுமான! சட்டத்தோட மனசுல இருந்தது அந்த வார்த்தைதான், 40ங்கிறது அதை எண்ணுல அடைக்கிறதுக்குப் பண்ண முயற்சி. 2003ல வந்த ஐ.நா. ஊழல் எதிர்ப்பு உடன்படிக்கையோட 9வது பிரிவும் அப்படித்தான், வெளிப்படைத்தன்மை, போட்டி, முடிவெடுக்கப் புறவயமான அளவுகோல்னு மூணு சொல்லுது, மூணுமே கூடக் குறைய இருக்கக்கூடிய விஷயம். போட்டி இருந்துதா இல்லையான்னு கேட்டா யாருமே ஒத்தை வார்த்தைல பதில் சொல்ல மாட்டாங்க, ஓரளவு இருந்துது, பேருக்கு இருந்துதுன்னுதான் சொல்லுவாங்க.

இங்கதான் ஃபஸ்ஸி லாஜிக் உள்ள வருது. அமெரிக்காவுல பெர்க்லி பல்கலைக்கழகத்துல பேராசிரியரா இருந்த லாட்ஃபி ஜாதே 1965ல எழுதின ஒரு கட்டுரைலேர்ந்து ஆரம்பிச்சது இது. ஒரு பொருள் ஒரு கூட்டத்துல சேர்ந்தது அல்லது சேராததுன்னு ரெண்டே பதில் இருந்த இடத்துல, 0லேர்ந்து 1 வரைக்கும் எந்த அளவுலயும் சேர்ந்திருக்கலாம்னு சொன்னார். உயரமானவங்க கூட்டத்துல ஒருத்தர் 0.7 அளவு சேர்ந்தவர், இன்னொருத்தர் 0.3. பத்து வருஷத்துக்குள்ள லண்டன்ல மம்தானி, அசிலியான்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் ஒரு சின்ன நீராவி எஞ்சினை இப்படிப்பட்ட விதிகளை வச்சே ஓட்டிக் காட்டினாங்க, 1987ல ஜப்பானோட செண்டாய் நகர மெட்ரோ ரயிலை நிறுத்துறதுக்கும் கிளப்புறதுக்கும் இதைப் பயன்படுத்தினாங்க. ரயில் டிரைவர் மனசுல "கொஞ்சம் வேகம் ஜாஸ்தி, லேசா பிரேக் போடு"ன்னு என்ன ஓடுதோ அதையே விதியா எழுத முடிஞ்சதுதான் அதோட பலம்.

தணிக்கை பண்றவங்க பேச்சும் அதே மாதிரிதான். நான் அவங்க கூட உக்காந்து கேட்டிருக்கேன். "நாளு ரொம்பக் கம்மியா குடுத்திருக்காங்க, ரேட்டும் ஒட்டி ஒட்டி வந்திருக்கு, இது செட்டிங் மாதிரி இருக்கே"ம்பாங்க. அந்த ஒரு வாக்கியத்துல ரெண்டு நிபந்தனை, ஒரு முடிவு, எல்லாம் இருக்கு. செக்லிஸ்ட்ல அது ஆமா, இல்லைன்னு ஆகும்போதுதான் அவங்க அனுபவம் முழுக்கக் காணாமப் போகுது.

சரி, அந்த முதல் ஃபைலையே கணக்குப் போட்டுக் காட்டுறேன், ஏன்னா இதைக் கேள்விப்பட்டவங்க நிறைய பேர் ஒரு தடவையாவது கையால போட்டுப் பார்த்திருக்க மாட்டாங்க.

முதல்ல "அவசரம்"ங்கிற வார்த்தைக்கு ஒரு சரிவு வரையணும். 10 நாள் அல்லது அதுக்குக் கீழன்னா அவசரம் முழுசா 1, 30 நாளும் அதுக்கு மேலயும்னா 0, நடுவுல நேரா இறங்குது. 15 நாளுக்கு 0.75 வருது. அடுத்து "ஒட்டி இருக்கு". சிதறல் 3 சதவீதம் அல்லது அதுக்குக் கீழன்னா 1, 10க்கு மேலன்னா 0. இந்த 3ஐயும் 10ஐயும் நான் சும்மா எடுக்கலை. சுவிட்சர்லாந்துல டிச்சினோ பகுதியில சாலை போடுற கம்பெனிகள் 1999லேர்ந்து 2005 வரைக்கும் கூட்டுச் சேர்ந்து வேலையைப் பங்கு பிரிச்சுக்கிட்ட காலத்துல சிதறல் 3 சதவீதம் பக்கம் இருந்துது, கூட்டு உடைஞ்சப்புறம் 10 பக்கம் போச்சு. பேசி வச்சுக் கோட் பண்றவங்க, ஜெயிக்கப் போறவர் விலையை வச்சு அதுக்குக் கொஞ்சம் மேல மேலன்னு போடுறதால ரேட் எல்லாம் நெருக்கிக்கிட்டு நிக்கும். நம்ம ஃபைல்ல 5.06, அதுக்கு 0.71 வருது. மூணாவது "பின்னாடி ரொம்ப ஏறுச்சு". 5 சதவீதம் வரைக்கும் 0, 25க்கு மேலன்னா 1. 17க்கு 0.6.

இப்போ விதிகள். அவசரமாவும் இருந்து ரேட்டும் ஒட்டி இருந்தா சந்தேகம் அதிகம். ரேட் ஒட்டி இருந்து பின்னாடியும் ரொம்ப ஏறியிருந்தா சந்தேகம் அதிகம். அவகாசம் தாராளமா இருந்தாலோ ரேட் நல்லா சிதறி இருந்தாலோ சந்தேகம் குறைவு. ரெண்டும் சேர்ந்து இருக்கணும்னா ரெண்டுல சின்ன எண்ணை எடுக்குறது, ஏதாவது ஒண்ணு போதும்னா பெரிய எண்ணை எடுக்குறது, இதுதான் வழக்கம். முதல் விதிக்கு 0.71, ரெண்டாவதுக்கு 0.6, மூணாவதுக்கு, தாராளம்ங்கிறது 1லேர்ந்து அவசரம் 0.75ஐக் கழிச்சு 0.25, சிதறினதுங்கிறது 1லேர்ந்து 0.71ஐக் கழிச்சு 0.29, ரெண்டுல பெரிசு 0.29. அதிகம்ங்கிறதுக்கு 90 மார்க், குறைவுங்கிறதுக்கு 10 மார்க்னு வச்சு எடை போட்டுச் சராசரி எடுத்தா 67. செக்லிஸ்ட்ல மூணு பச்சை வாங்கின ஃபைல் இது. பாலம் ஃபைலுக்கு இதே கணக்கைப் போட்டா அவசரம் 0.8 வந்தாலும் ரேட் ஒட்டவே இல்லைங்கிறதால முதல் ரெண்டு விதியும் பூஜ்யம், மார்க் 10.

இதைப் பார்த்ததும் எனக்குப் பெரிய சந்தோஷம். ஆனா ராத்திரி திரும்ப உக்காந்து ஒவ்வொரு எண்ணா மாத்திப் பார்த்தேன். அந்த 17 சதவீத ஏற்றத்தை அப்படியே எடுத்துட்டு, பின்னாடி ஒண்ணுமே ஏறலைன்னு போட்டேன். மார்க் 67. மாறவே இல்லை! ரெண்டு விதியும் "சந்தேகம் அதிகம்"னு சொல்லும்போது நான் பெரிய எண்ணை மட்டும் எடுத்திருக்கேன், 0.71 முன்னாடி 0.6 முழுகிப் போச்சு. மக்கள் பணம் 17 சதவீதம் கூடப் போன விஷயம் கணக்குல வராமலே போயிருக்கு, இதை நான் கவனிக்காம விட்டிருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது, ஏன்னா வெளியில வர்ற எண் பார்க்க நியாயமாத்தானே இருக்கு. ரெண்டையும் கூட்டி, அதுலேர்ந்து ரெண்டோட பெருக்கலைக் கழிக்கிற முறைக்கு மாத்தினா 0.88 வந்து மார்க் 70 ஆகுது, ஏற்றம் இல்லேன்னா 67லயே நிக்குது. மூணு பெரிசு இல்லைதான், ஆனா இப்போ சாட்சி ரெண்டும் பேசுது. கொள்முதல்ல தப்பு ஒத்தைக் குறியா வர்றது அபூர்வம், நாலஞ்சு நடுத்தரமான குறி சேர்ந்துதான் வரும், அதனால எந்த முறைல கோர்க்கிறோம்ங்கிறது சின்ன டெக்னிக்கல் சமாச்சாரம்னு விட்டுடக் கூடாது.

சரிவு வச்சா என்ன லாபம்னு என்கிட்ட கேட்டவங்க உண்டு, கோட்டுல ஏமாத்துறவங்க சரிவுலயும் ஏமாத்துவாங்களேன்னு. இதை நான் ரொம்ப நாள் யோசிச்சேன். செக் குடியரசுல சின்ன ஒப்பந்தங்களுக்கு ஒரு மதிப்பு வரம்பு போட்டு, அதுக்குக் கீழன்னா அதிகாரிகளே யாரை வேணாலும் கூப்பிட்டு முடிவு பண்ணிக்கலாம்னு விட்டப்போ, எஸ்டிமேட் எல்லாம் அந்த வரம்புக்குச் சத்தே கீழ வந்து குவிஞ்சதை ஆராய்ச்சி பண்ணி எழுதியிருக்காங்க. கோடுன்னா அதுதான் நடக்கும், ஏன்னா ஒரு சின்ன நகர்த்தல்ல முழுப் பாதுகாப்பும் கிடைச்சுடுது. பாலம் ஃபைல்ல 14 நாளை 15 ஆக்கினா சிவப்பு பச்சை ஆகிடும். சரிவுல, முதல் ஃபைலோட 15ஐ 16 ஆக்கினா மார்க் ஒண்ணுக்கு மேல குறையாது. 27 நாள் விட்டாக்கூட, முதல்ல போட்ட கணக்குப்படியே 43தான் வரும், ஏன்னா ஒட்டின ரேட்டும் பின்னாடி ஏறினதும் அப்படியே இருக்கு. மார்க்கை நிஜமாவே இறக்கணும்னா அவகாசம் குடுக்கணும், போட்டியை விடணும், பின்னாடி ஏத்தாம இருக்கணும். அப்படிப் பண்ணி ஏமாத்துனா ஏமாத்திட்டுப் போகட்டும், அதைத்தானே நாம கேக்குறோம். (சிதறலை மட்டும் பொய்யா விரிச்சுக் காட்டலாம், தோக்கப் போறவங்க தாறுமாறா விலை போட்டா போதும். அதுக்குத்தான் ஜெயிச்ச விலைக்கும் ரெண்டாவது விலைக்கும் நடுவுல உள்ள இடைவெளி, மத்த விலைகளுக்கு நடுவுல உள்ள இடைவெளியை விட விசித்திரமா பெரிசா இருக்கான்னு இன்னொரு விதி வைக்கணும்.)

ஒரு விஷயத்துல மட்டும் நான் யார்கிட்டயும் விட்டுக்குடுக்க மாட்டேன். 67னா அந்த டெண்டர்ல 67 சதவீதம் ஊழல் நடந்திருக்க வாய்ப்புன்னு அர்த்தமே கிடையாது. ஃபஸ்ஸி எண் நிகழ்தகவு இல்லை. "அவசரம் 0.75"னா, 15 நாள்ங்கிறது நாம அவசரம்னு சொல்ற விஷயத்தோட முக்கால்வாசி பொருந்துதுன்னு அர்த்தம், அவ்வளவுதான், அந்த 15 நாள்ல சந்தேகத்துக்கே இடமில்லை, அது நடந்த உண்மை. இந்த வித்தியாசம் தெரியாதவங்க கையில இந்த மார்க் போனா ஒரு கம்பெனியோட பேரும் ஒரு அதிகாரியோட வேலையும் போயிடும். ஆயிரக்கணக்கான ஃபைல்ல எதை முதல்ல திறக்குறதுன்னு வரிசை போடுறதுக்கு மட்டும்தான் அது.

தென்கொரியாவோட போட்டி ஆணையம் (கம்பெனிகள் நியாயமா போட்டி போடுதான்னு பார்க்குற அமைப்பு) 2006லேர்ந்தே அரசு டெண்டர் டேட்டாவைத் தானா வாங்கி, ஜெயிச்ச விலை எஸ்டிமேட்டுக்கு எவ்வளவு கிட்ட, எத்தனை பேர் வந்தாங்கங்கிற மாதிரி விஷயங்களுக்கு மார்க் போட்டுக் கூட்டி, மார்க் அதிகமா வந்ததை மட்டும் ஆள் வச்சுப் பார்க்குறாங்க. சுவிட்சர்லாந்தோட போட்டி ஆணையம் 2013ல ஸீ-காஸ்டர் பகுதி கட்டுமான கம்பெனிகள் மேல விசாரணை ஆரம்பிச்சது சிதறல் மாதிரியான புள்ளிவிவரத்தை வச்சுத்தான், ஆனா 2016ல அபராதம் போட்டது சோதனை போட்டு ஆவணம் எடுத்து நிரூபிச்சதுக்கு அப்புறம். புள்ளிவிவரம் கதவைக் காட்டுச்சு, திறந்தது மனுஷங்க.

மெஷின் லேர்னிங் இருக்கும்போது இந்தப் பழைய விஷயம் எதுக்குன்னும் கேக்கலாம். டேட்டா நிறைய இருந்து, எது தப்பான டெண்டர்னு நிரூபிச்ச உதாரணமும் நிறைய இருந்தா அது நல்லா வேலை செய்யும். ஆனா நிரூபிச்ச உதாரணம் எப்பவுமே கம்மி, அதுவும் பிடிபட்டவங்களோடது மட்டும்தான், பிடிபடாதவங்க எப்படிப் பண்ணாங்கன்னு அந்த மெஷினுக்கு யார் சொல்லிக் குடுக்குறது? இன்னொண்ணு, இதுதான் எனக்குப் பெரிசு. நியாயத்தைக் கண்காணிக்கிற கருவியே நியாயமா இருக்கணும். உங்க ஃபைலுக்கு ஏன் 67 வந்துதுன்னு ஒரு காண்ட்ராக்டர் கேட்டா, "இந்த விதி, இந்தச் சரிவு, இதுல உங்க எண் இது"ன்னு ஒரு பேப்பர்ல எழுதிக் குடுக்க முடியணும், அவரும் "இந்தச் சரிவு எங்க தொழிலுக்குப் பொருந்தாது"ன்னு எதிர்த்து வாதாட முடியணும். ஃபஸ்ஸி விதியில அது முடியும்.

வாதாடுறதுக்கு நியாயம் உண்டுங்கிறதும் உண்மை. ஐரோப்பிய தணிக்கை நீதிமன்றம் 2023ல வெளியிட்ட அறிக்கைப்படி ஒரே ஒரு பிட் மட்டும் வந்த டெண்டர்கள் 2011ல 23.5 சதவீதம், 2021ல 41.8 சதவீதம். ஐரோப்பிய கமிஷன் நாடுகளுக்கு மார்க் போடுற ஸ்கோர்போர்டுல இது 10 சதவீதத்துக்குள்ள இருந்தா நல்லது, 20ஐத் தாண்டினா மோசம். இந்த எண்ணைப் பார்த்து வயிறு எரியத்தான் செய்யுது, ஆனா அந்த ஒத்தை பிட் அத்தனையும் களவு இல்லை. ஏற்கனவே வாங்கின மெஷினுக்கு உதிரிப்பாகம் அதைச் செஞ்ச கம்பெனிதான் குடுக்க முடியும். ஒரு மருந்துக்குக் காப்புரிமை ஒருத்தர்கிட்டதான் இருக்கும். அதே சமயம் ஸ்பெக்கை (என்ன மாதிரி பொருள் வேணும்ங்கிற விவரக்குறிப்பு) ஒரு கம்பெனியோட கேட்டலாக்கைப் பார்த்து எழுதி மத்தவங்களை உள்ளயே விடாம பண்றதும் ஒத்தை பிட்டாத்தான் வரும். வெளியிலேர்ந்து பார்த்தா ரெண்டும் ஒரே எண். சந்தையில மொத்தம் எத்தனை பேர் இருக்காங்கன்னு இன்னொரு சரிவு சேர்க்காம இதுக்கு மார்க் போடுறது அநியாயம்.

அப்புறம் காலியா விட்ட கட்டம். நிறைய ஃபைல்ல தோத்தவங்க விலையே பதிவு பண்ணியிருக்க மாட்டாங்க, ஜெயிச்ச விலை மட்டும் இருக்கும். ப்ரோகிராம் எழுதுறவங்க வசதிக்காக அதைப் பூஜ்யம்னு எடுத்துட்டா, எதையும் எழுதி வைக்காத ஆஃபீஸ் சுத்தமான ஆஃபீஸ் ஆயிடும். உக்ரைன்ல 2016லேர்ந்து பெரும்பாலான அரசு வாங்கல் புரோசோரோங்கிற ஒரே ஆன்லைன் சிஸ்டம் வழியா, எல்லாரும் எல்லாத்தையும் பார்க்கலாம்ங்கிற கொள்கையோட போகுது, தோத்தவங்க விலை வரைக்கும் அங்க தெரியும், அந்த அளவு டேட்டா இருந்தாத்தான் மேல சொன்ன கணக்கெல்லாம் நடக்கும். இல்லாத இடத்துல "பதிவு முழுசா இல்லை"ங்கிறதையே ஒரு விதியா வைக்கணும், அதுக்கும் மார்க் ஏறணும்.

அந்த முதல் ஃபைலை கடைசியா குழு திறந்துச்சு. உள்ள சப்-காண்ட்ராக்ட் லிஸ்ட்ல 104 கோட் பண்ணித் தோத்த கம்பெனியோட பேர் இருந்துது. அதை மேல விசாரிக்கிற பிரிவுக்கு அனுப்பிட்டாங்க, அதுக்கப்புறம் அது அவங்க வேலை.

அதே வாரம் 80க்கு மேல மார்க் வந்த இன்னொரு ஃபைலையும் திறந்தாங்க. தார் சப்ளை. ரேட் எல்லாம் 2 சதவீதத்துக்குள்ள ஒட்டி நின்னுச்சு, குழுவுல எல்லாரும் இதுதான் பெரிய மீன்னு நெனச்சாங்க. பார்த்தா, எல்லாரும் வெளிப்படையா விலை போடுற ஒரே இடத்துலேர்ந்துதான் தார் வாங்குறாங்க, அடக்க விலை எல்லாருக்கும் ஒண்ணு, வண்டி வாடகையிலதான் வித்தியாசமே, ஒட்டாம எங்க போகும். சாலை வேலைக்கு வரைஞ்ச சரிவைத் தாருக்கும் நான் அப்படியே போட்டிருந்தேன், தப்பு என்னோடது. குழுவுல மூத்தவர் ஒரு அம்மா, ஷீட்ல புதுசா ஒரு கட்டம் சேர்த்து, தார்னு எழுதி, சிதறல் 0.5லேர்ந்து 3 வரைக்கும்னு சரிவை மாத்தி, பக்கத்துல ஏன் மாத்தினோம்னு ரெண்டு வரி எழுதி, தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டாங்க. போட்டுட்டு, மத்த சரிவு ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல அதே மாதிரி காரணம் எங்கன்னு என்னைக் கேட்டாங்க. அன்னைக்கு சாயந்திரம் முழுக்க உக்காந்து நாங்க அதைத்தான் எழுதினோம்.